வேறு டைரக்டரியிலிருந்து பில்ட் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை இலந்தைக்குளம் ஐடி பார்க்கில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களும், கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட் செய்கிறவர்களும் இதில் மாட்டிக்கொண்டு ஒரு நாளையே தொலைத்துவிடுகிறார்கள். தெரிந்துகொண்டால் எளிதில் தவிர்க்கலாம்.

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்று 'பில்லிங்' டைரக்டரியிலும், அதை பில்ட் செய்யும் (சோர்ஸ் கோடை ஓடக்கூடிய மென்பொருளாக்கும்) ஸ்கிரிப்ட் 'கருவிகள்' டைரக்டரியிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஓட்டினால் ஓடுகிறது. பக்கத்து சீட்டுக்காரர் ஓட்டினால் மேக்ஃபைலே (மேக் என்ற பில்ட் கருவிக்கான கட்டளைகள் இருக்கும் ஃபைல்) இல்லை என்று நின்றுவிடுகிறது. ஸ்கிரிப்ட்டில் ../பில்லிங் என்று எழுதினால், அது ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்திலிருந்து கணக்காவதில்லை. ஓட்டுகிறவர் எந்த டைரக்டரியில் இருக்கிறாரோ அங்கிருந்துதான். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து சொன்ன வழியை மாட்டுத்தாவணியில் இறங்கி நடந்து பார்ப்பது போல. எனவே $0-வை, அதாவது ஸ்கிரிப்ட்டை ஓட்டிய பெயரையும் பாதையையும், டிர்நேம் (dirname) கமாண்டுக்குக் கொடுத்து, ஸ்கிரிப்ட் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கட்டும். டைரக்டரி பெயரில் இடைவெளி இருக்கலாம், அதனால் இரட்டை மேற்கோள் கட்டாயம்.

அடுத்தது, ஆபத்தான தவறு. ஒரு வரியில் டைரக்டரி மாற்றும் சிடி (cd), அடுத்த வரியில் பழைய பில்ட் ஃபைல்களை அழிக்கும் மேக் கிளீன் (make clean). சிடி தோற்றுப்போனாலும், கமாண்டுகளை ஓட்டும் ஷெல் வழக்கமாக நிற்காது. இருந்த இடத்திலேயே கிளீன் ஓடி, அங்கே வேறு புராஜெக்ட் இருந்தால் அதன் ஃபைல்களை அழித்துவிடலாம். இரண்டையும் && போட்டு இணையுங்கள். அதையே அடைப்புக்குறிக்குள் எழுதினால் ஸ்கிரிப்ட்டின் மற்ற வரிகள் பழைய டைரக்டரியிலேயே தொடரும்.

பலரும் குழம்புவது -எஃப் (-f) ஆப்ஷனில். ஆன்ட் (Ant) என்ற இன்னொரு பில்ட் கருவியில் -எஃப் கொடுத்தால், பில்ட் ஃபைல் இருக்கும் டைரக்டரியே வழக்கமாக அடிப்படை டைரக்டரி ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் மேக்குக்கும் -எஃப் கொடுப்பார்கள். மேக் அந்த ஃபைலை வாசிக்கும், ஆனால் இடம் மாறாது. உள்ளே இருக்கும் சோர்ஸ் பாதைகள் எல்லாம் தப்பாகிவிடும். மேக்குக்கு வேண்டியது கேபிடல் சி (-C) ஆப்ஷன்: முதலில் அந்த டைரக்டரிக்குப் போய், அப்புறம்தான் மேக்ஃபைலை வாசிக்கும். கிரேடில் (Gradle) என்ற பில்ட் கருவிக்கு இந்த வேலையைச் செய்வது ஸ்மால் பி (-p). ஒரு கருவியில் தெரிந்ததை இன்னொன்றில் அப்படியே நம்பாமல் அதன் மேனுவலைப் பாருங்கள்.

கேபிடல் சி போட்ட பிறகும் ஒரு பள்ளம் உண்டு. மேக்ஃபைலுக்குள் பிடபிள்யூடி (PWD) மாறியைப் பயன்படுத்தியிருந்தால், அது நீங்கள் கிளம்பிய பழைய டைரக்டரியையே காட்டும். குனு மேக்கில் அதற்குப் பதில் கர்டிர் (CURDIR) மாறியை எழுத வேண்டும். மேக்ஃபைலில் ஓட்ட வேண்டிய கமாண்டுகள் உள்ள ரெசிபியில் ஒவ்வொரு வரியும் வழக்கமாகத் தனி ஷெல்லில் ஓடுவதால், தனி வரியில் எழுதிய சிடி அடுத்த வரிக்கு வராது.

இரவில் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் சேவை, cron) ஓட்டப்போகிறீர்கள் என்றால், அது ஹோம் டைரக்டரியிலிருந்து தொடங்கும். கமாண்டுகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் (PATH) மாறியும் சுருக்கமாகவே இருக்கும், நீங்கள் தனியாகப் போட்ட ஜாவா அதற்குத் தெரியாது. கிரானில் சேர்ப்பதற்கு முன்பு / டைரக்டரிக்குப் போய், முழுப் பாதை கொடுத்து ஸ்கிரிப்ட்டை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.