தொழிலுக்கு ட்ரோன் பறக்கவிடுவோர் விதிமாற்றங்களுக்கு ஏற்ப ஆவணங்களைச் சரிபார்ப்பது எப்படி?

வயலில் மருந்து தெளிக்கவோ, திருமணத்தைப் படமெடுக்கவோ, நிலம் அளக்கவோ ட்ரோனைத் தொழிலாகப் பறக்கவிடுபவர், தாம் தொடங்கிய காலத்தில் படித்த விதிகளையே இன்றும் நம்பியிருக்கக் கூடாது. 2021 மார்ச்சில் வந்த விதிகள் ஆறு மாதம்கூட நிலைக்காமல், அவ்வாண்டு ஆகஸ்ட் 25 அன்று ‘ட்ரோன் விதிகள், 2021’ அவற்றின் இடத்தைப் பிடித்தன. 2022 பிப்ரவரியிலும் 2023 செப்டம்பரிலும் இவையும் திருத்தப்பட்டன.

முதலில் உங்கள் ட்ரோன் எந்த வகையில் சேரும் என்று பாருங்கள். 250 கிராம் வரை நேனோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. வெறும் கருவியின் எடை இங்கே கணக்கில்லை. மின்கலம், கேமரா, நிரப்பிய மருந்துத் தொட்டி என்று எல்லாம் சேர்ந்த எடையே கணக்கு. தெளிப்பான் வைத்திருப்போர் பெரிதும் தவறுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது ஓட்டுநர் சான்றிதழ். 2022 திருத்தத்துக்குப் பின் ‘உரிமம்’ என்ற சொல்லே நீங்கி, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிறுவனம் வழங்கும் சான்றிதழே போதும் என்றாயிற்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 65 வரையிலான வயதும் வேண்டும். சான்றிதழ் பத்தாண்டுகள் செல்லும். கடவுச்சீட்டு இல்லாத கிராமத்து இளைஞர்கள் திரும்பிப் போக நேர்ந்த நிலையை 2023 திருத்தம் மாற்றியது: வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வாகன ஓட்டுநர் உரிமம் போன்றவை இப்போது அடையாளச் சான்றாக ஏற்கப்படுகின்றன. மைக்ரோ வகையைப் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவருக்கு உள்ள சான்றிதழ் விலக்கு, அதே கருவியால் ஒரு ரூபாய் ஈட்டினாலும் கிடையாது.

ட்ரோனுக்குரிய தனி அடையாள எண் உங்கள் பெயரில்தான் உள்ளதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய கருவியை வாங்கியவர்கள் உரிமை மாற்றத்தைப் பதியாமல் விட்டுவிடுவது வழக்கம். நேனோ தவிர மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் தேவை.

மேற்சொன்னவற்றை ஆண்டுக்கு ஓரிரு முறை பார்த்தால் போதும். எங்கே பறக்கவிடலாம் என்பதை நிறங்களால் காட்டும் வான்வெளி வரைபடம் அப்படியல்ல. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தில் அதை ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் பார்ப்பது விதிப்படி கட்டாயம். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம்; மஞ்சளுக்கு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும், சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் பச்சை 200 அடியோடு முடிந்துவிடும். 8 கிலோமீட்டருக்கு உட்பட்ட பகுதி பச்சையே அல்ல. ஆகவே சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரத்துத் திருமண மண்டபத்துக்கு முன்பணம் வாங்குமுன் வரைபடத்தைத் திறப்பது நல்லது. நேற்றுப் பச்சையாக இருந்த இடமும் இன்று மாறலாம்: மாநில அரசோ காவல்துறையோ ஒரு பகுதியை ஒரு முறைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க முடியும். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும்.

மாற்றங்களை அறிய, இடைத்தரகர்களின் வாட்ஸ்அப் செய்தியைவிட மத்திய அரசிதழையும் டிஜிசிஏ இணையதளத்தையும் நம்புங்கள். 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கான தனிச் சட்டத்தின் வரைவு மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது, அதையே நடைமுறைச் சட்டம் என்று எண்ணிக் குழம்பியவர்கள் உண்டு. எந்தத் தாளைக் கண்டாலும் அது வரைவா, அரசிதழில் வெளியானதா, எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற மூன்றையும் பார்த்த பிறகே உங்கள் ஆவணங்களில் கைவையுங்கள்.