பணம் கட்டும் முன் நோட்டில் ஓட்டிப் பாருங்கள்

சிக்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வீடு அல்சூரில். பெங்களூரு குதிரை ரேஸ் நாளில் தெரிந்தவர்கள் கேட்பது ஒரே கேள்வி: “அண்ணா, இன்றைக்கு எது?” அதற்கு என்னிடம் பதில் கிடையாது. குதிரையைத் தேர்ந்தெடுக்க நீங்கள் வைத்திருக்கும் விதி தேறுமா என்று பார்க்கும் வழியைச் சொல்லித் தர முடியும்.

முதலில் விதியை எழுதுங்கள். ‘நல்ல ஃபார்மில் உள்ள குதிரை’ என்பது விதியாகாது. இரண்டு பேர் படித்தால் இரண்டு குதிரையைக் காட்டுவார்கள். என் விதி இது: கடைசி ஓட்டத்தில் முதல் மூன்றுக்குள் வந்திருக்க வேண்டும், அது 35 நாளுக்குள் நடந்திருக்க வேண்டும், தூரம் அதே 1200 அல்லது 1400 மீட்டர், இன்று முதுகில் சுமக்கும் எடை அன்றையதைவிடக் கூடியிருக்கக் கூடாது. ஒரே ரேஸில் இரண்டு குதிரை பொருந்தினால் அந்த ரேஸை விட்டுவிடுவேன்.

எடைக்குக் காரணம் உண்டு. ஹேண்டிகேப் ரேஸில், அதாவது திறமைக்கு ஏற்ப சுமை ஏற்றிக் குதிரைகளைச் சமப்படுத்தும் ரேஸில், ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் (திறமை மதிப்பெண்) ஏறும். அதோடு முதுகில் கிலோவும் ஏறும். நன்றாக ஓடியும் சுமை கூடாத குதிரையைத்தான் தேடுகிறேன். ஜாக்கியின் சட்டை நிறம், ராசி எண் போன்ற காரணமில்லாத விதிகளைச் சோதிக்கவே வேண்டாம். பழைய முடிவுகளைக் கிளறினால் அவற்றில் ஏதாவது ஒன்று தற்செயலாகப் பொருந்தத்தான் செய்யும்.

அடுத்து, ஓடும் குதிரைகளின் விவரம் உள்ள பழைய ரேஸ் புத்தகங்களை எடுத்து, விதிப்படி குதிரையைத் தேர்ந்தெடுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முடிவு கண்ணில் பட்டுவிட்டால் கை தானாக ஜெயித்த குதிரையின் பக்கம் சாயும். எங்கள் வீட்டில் முடிவு வந்த செய்தித்தாள்கள் மகளிடம் இருக்கும். நான் குதிரையின் பெயரைப் பேனாவால் எழுதிய பிறகுதான் அவள் படிப்பாள். “எழுதிவிட்டீர்களா அப்பா?” என்று கேட்காமல் ஒருநாளும் தாளைப் பிரித்ததில்லை. தாளில் ‘வின்’ (முதலிடத்துக்குக் கட்டிய பந்தயம்) 32 என்று இருந்தால், 10 ரூபாய் கட்டியவருக்கு 32 திரும்பியது என்று பொருள், லாபம் 22.

இரண்டு சீசன் முடிவுகளைப் பார்த்து அந்த விதியை உருவாக்கினேன். அதே இரண்டு சீசனில் 62 பந்தயம், 17 வெற்றி. நோட்டில் பந்தயத்துக்கு 10 ரூபாய் வீதம் 620 போட்டு 804 வந்தது. மனம் துள்ளியது. மறுநாள் நிதானமாகப் பார்த்தால், ஒரே குதிரை 212 கொடுத்திருந்தது. அதைக் கழித்தால் 592, நஷ்டம். ஒற்றைக் குதிரை தாங்கிய லாபத்தை நம்பக் கூடாது. அடுத்து, விதியை உருவாக்கும்போது பார்க்காத மூன்றாவது சீசனை எடுத்தோம். 58 பந்தயம், 11 வெற்றி, 580க்கு 431. பார்த்த முடிவுகளிலிருந்து பிறந்த விதி அந்த முடிவுகளில் ஜெயிப்பது சோதனை ஆகாது. பார்க்காத சீசனில் கிடைப்பதுதான் கணக்கு.

டோட்டில், அதாவது ரேஸ் மைதானத்தின் பந்தயக் கவுண்டரில், எல்லோர் பணமும் ஒரே குவியலில் சேர்கிறது. பிடித்தம் போக மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகள் பங்கிடுகின்றன. அதனால் ஊருக்கே தெரிந்த விதி ஜெயித்தாலும் டிவிடெண்ட், அதாவது டிக்கெட்டுக்குத் திரும்பும் தொகை, சுருங்கும்.

வரியும் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் முழுப் பந்தயத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40. ஜெயித்த பணத்துக்கு 30 சதவீத வருமான வரி, அதில் தோற்றதைக் கழிக்க முடியாது. நோட்டில் 10 என்று எழுதும் பந்தயத்துக்குக் கையிலிருந்து உண்மையில் எவ்வளவு போகிறது என்று கவுண்டரில் கேட்டு, அந்தத் தொகையையே எழுதுங்கள்.

தோற்றால் இரட்டிப்பாகக் கட்டும் பழக்கம் குடும்பத்தையே கரைக்கும். நான்கில் ஒன்று ஜெயிக்கும் நல்ல விதிகூட, நூறு பந்தயத்துக்குள் தொடர்ந்து பத்து தோற்பது சாதாரணம். பத்து ரூபாயில் தொடங்கி இரட்டித்தால் அதற்குள் 10,230 ரூபாய் போயிருக்கும். பதினோராவதற்கு 10,240 வேண்டும். எந்தச் சோதனையிலும் ஒரே அளவு தொகைதான்.

இப்போது 1200 மீட்டரை மட்டும் வைத்து விதியை மாற்றியிருக்கிறேன். புது நோட்டில் 41 பந்தயம் எழுதியாகியிருக்கிறது. 100 ஆகும்வரை மகள்தான் முடிவு படிப்பாள்; கவுண்டரில் ஒரு ரூபாய்கூடக் கட்டப் போவதில்லை.