பதிவுப் படிவத்தை யாரும் தடுமாறாமல் நிரப்ப வைப்பது எப்படி?

மனிதர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று ஆராயும் மனிதர் - கணினி ஊடாட்டம் என்ற துறையை வரையறைகளில் இருந்து தொடங்கினால் சீக்கிரம் அலுத்துவிடும். ஒரு பதிவுப் படிவத்தைக் கையில் எடுத்துச் சீர்செய்யுங்கள். அடிப்படைகளில் பாதி அதிலேயே வந்துவிடும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண், கடவுச்சொல், ஒரு பொத்தான். இவ்வளவு போதும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தாளில் வரையுங்கள்

ஃபிக்மா, பென்பாட் எல்லாம் திரையில் வடிவமைக்க நல்ல கருவிகள்தான். ஆனாலும் தொடக்கத்துக்கு என் தேர்வு பென்சிலும் தாளும். திரையில் நேர்த்தியாக வரைந்ததை அழிக்க மனம் வராது. தாளில் கிறுக்கியதைக் கிழித்துப் போட்டுவிடலாம், பார்ப்பவரும் தயங்காமல் குறை சொல்வார். வரையும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் காட்டி, "இந்தத் தகவல் இல்லாமல் கணக்கு தொடங்க முடியாதா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

படி 2: லேபிள், அளவு, நிறம்

ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே, அங்கே என்ன நிரப்ப வேண்டும் என்று சொல்லும் லேபிள் வேண்டும். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் பிளேஸ்ஹோல்டரை லேபிளுக்குப் பதிலாக வைக்காதீர்கள். முதல் எழுத்தைத் தட்டியதுமே அது மறைந்துவிடும். நடுவில் ஒரு அழைப்பு வந்து பேசிவிட்டுத் திரும்புபவருக்கு அங்கே என்ன கேட்டிருந்தது என்பதே தெரியாது.

இலக்கு சிறிதாகவும் தொலைவிலும் இருந்தால் அதை அடைய நேரம் கூடும் என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-லேயே சோதித்துக் காட்டினார். தொடும் இடத்துக்கு ஆப்பிள் சொல்லும் அளவு 44 பாயிண்ட், ஆண்ட்ராய்டு சொல்வது 48 டிபி (இரண்டும் திரையின் பிக்சல் அடர்த்தியைச் சாராத அளவலகுகள்). நான் 48-ஐயே பிடித்துக்கொள்வேன். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) 4.5:1-க்குக் குறையக் கூடாது என்கிறது, இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி நெறிமுறை. வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து பெரும்பாலும் இதில் தோற்றுவிடும்.

தமிழில் இடைமுகம் செய்பவர்களுக்கு இரண்டு விஷயம்: பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுக்காதீர்கள், சொற்கள் வெளியே வழியும். வரி உயரத்தை இறுக்காதீர்கள், மேலே இருக்கும் புள்ளியும் சுழியும் வெட்டுப்படும்.

படி 3: பிழைச் செய்தி

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது இந்தப் படிதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எப்போது சோதிப்பது? மின்னஞ்சலின் முதல் எழுத்தைத் தட்டும்போதே "தவறான மின்னஞ்சல்" என்று சிவப்பில் காட்டினால், பேச வாயைத் திறக்கும்போதே குறுக்கே விழுந்து திருத்துவது போல இருக்கும். அவர் அந்தக் கட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு, அதாவது ப்ளர் நிகழ்வில், சோதியுங்கள். ஆனால் ஒருமுறை பிழையைக் காட்டிவிட்டால் விதி மாறுகிறது. இப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் சோதித்து, சரியான உடனே செய்தியை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திருத்திய பிறகும் சிவப்பு அப்படியே நிற்கும். சரியாக இருப்பதைப் போய் மறுபடி மாற்றத் தொடங்குவார். இந்த இரண்டு விதிகளும் சேர்ந்து இருந்தால்தான் படிவம் இயல்பாக நடந்துகொள்ளும். பல படிவங்களில் முதல் விதி மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம் வாசகம். "தவறான உள்ளீடு" என்பதை வைத்து யாராலும் எதையும் திருத்த முடியாது. "மின்னஞ்சலில் @ குறி விடுபட்டிருக்கிறது" என்று எழுதுங்கள். கடவுச்சொல்லுக்கு நிபந்தனை இருந்தால் அதைப் பிழையில் சொல்லாமல் லேபிளுக்குக் கீழே முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சிவப்பை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கட்டத்தை ஒட்டியே ஒரு குறியும் சொல்லும் வரட்டும். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பான் அந்தச் செய்தியைப் படிக்க, ஏரியா-டிஸ்கிரைப்ட்பை (aria-describedby) என்ற எச்டிஎம்எல் பண்பு மூலம் அதைக் கட்டத்தோடு இணைத்துவிடுங்கள்.

சில பிழைகளைக் காட்டவே தேவையில்லை. தொலைபேசி எண்ணில் இடைவெளியோ சிறுகோடோ இருந்தால் அதை நீக்குவது நிரலில் ஒரு வரி வேலை. அதை நிரப்புபவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எல்லாம் சரியாகும்வரை பொத்தானைச் சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும் பழக்கமும் எனக்குப் பிடிக்காது. ஏன் முடங்கியிருக்கிறது என்று அது சொல்வதே இல்லை. அழுத்த விடுங்கள், அழுத்தியதும் பிழையுள்ள முதல் கட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். சர்வரில் கோளாறு வந்தாலும் பெயர், மின்னஞ்சல் போன்ற விவரங்கள் அழியக் கூடாது.

படி 4: பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

ஒருவரிடம் கொடுத்து, "இதில் ஒரு கணக்கு தொடங்குங்கள், நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பொத்தானில் எழுதியிருக்கும் சொல்லை நீங்கள் உச்சரிக்க வேண்டாம், அதுவே விடையைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அவர் திணறும்போது உதவாமல் இருப்பது கஷ்டம், ஆனால் உங்களுக்கு வேண்டியதே அந்தத் திணறல்தான். ஒரு சுற்றுக்கு 5 பேர் போதும், திருத்திவிட்டு மறுபடி சோதிக்கலாம் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். சிறிய படிவத்துக்கு 3 பேரிலேயே பெரிய சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்பது என் எண்ணம்.

பிறகு சேர்த்தது

ஐபோனில் கட்டத்தைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி நகர்கிறது என்று சிலர் சொன்னார்கள். கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் சஃபாரி அப்படிச் செய்யும். எழுத்தளவை 16 ஆக்குங்கள். பெரிதாக்கும் வசதியையே முடக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றாதீர்கள், பார்வை குறைந்தவர்களுக்கு அது வேண்டும்.

தொலைபேசி எண் கட்டத்துக்கு எச்டிஎம்எல்லில் நம்பர் வகை (type="number") வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வேண்டாம். மவுஸ் சக்கரத்தை உருட்டும்போது எண் மாறிவிடக்கூடும். டெல் வகை (type="tel") வையுங்கள். ஒருமுறைக் கடவு எண்ணுக்கு (ஓடிபி) சாதாரண டெக்ஸ்ட் வகையும் இன்புட்மோட் நியூமெரிக்கும் (inputmode="numeric") போதும். கைப்பேசியில் எண் விசைப்பலகை தானே திறக்கும்.