ரேம் டிரக்குக்கு லிஃப்ட் பம்ப் மாத்துறீங்களா, டேங்க்குக்குள்ள இருக்குற குழாயையும் பாருங்க

1998 நடுவுலருந்து 2002 வரைக்கும் வந்த டாட்ஜ் ரேம், 24 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் வச்சிருக்கவங்களுக்குத்தான் இது. அந்த வண்டியோட பாஷ் விபி44 பம்புக்கு (இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்புற இன்ஜெக்ஷன் பம்ப்) தனியா ஆயில் கிடையாது, உள்ள ஓடுற டீசல்தான் அதுக்கு ஆயில், சூட்டை எடுத்துட்டுப் போறதும் அதேதான். டேங்க்லருந்து டீசலை இழுத்து விபி44-க்கு கொடுக்குறது இன்ஜின் பிளாக்ல இருக்குற கம்பெனி லிஃப்ட் பம்ப், அது சொல்லாம கொள்ளாம படுத்துடும், அப்பவும் வண்டி ஓடும், ஏன்னா விபி44 தானே டீசலை இழுத்துக்கும், ஆனா உள்ள காஞ்சு தேஞ்சு ஒருநாள் பி0216 கோடு (இன்ஜெக்ஷன் பம்ப் கோளாறுன்னு கம்ப்யூட்டர் காட்டுறது) வந்து நிக்கும். என் 2001 வண்டில அப்படித்தான் ஆச்சு.

அதனால பம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஃபியூயல் பிரஷர் கேஜ் வாங்கி விபி44-க்குள்ள போற லைன்ல மாட்டுங்க. ஐடிலிங்ல 15 பிஎஸ்ஐ ஒட்டி இருக்கணும், லோடோட ஃபுல்லா மிதிச்சாலும் 10-க்கு கீழ இறங்கக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஃபாஸ், ஏர்டாக் மாதிரி பெரிய பம்ப் போட்டுட்டு பழைய 3/8 இன்ச் குழாய்லயே இழுக்க விட்டா பாதி காசு வீண். 1/2 இன்ச் லைன் போடுங்க, டேங்க்ல எடுக்குறதுக்கு ரெண்டு வழி இருக்கு, மேலருந்து இறங்குற டிரா ஸ்ட்ரா, இல்ல அடியில ஓட்டை போட்டு மாட்டுற சம்ப். சம்ப்ல கடைசி சொட்டு வரைக்கும் வரும், ஆனா தண்ணியும் கசடும் அங்கதான் வந்து சேரும், குளிர் ஊர்ல அந்தத் தண்ணி உறைஞ்சா வழியே அடைச்சுக்கும், அதுவும் இல்லாம டேங்க்குக்கு கீழ துருத்திக்கிட்டு நிக்கும். தினமும் ஓட்டுற வண்டிக்கு ஸ்ட்ராதான் என் சாய்ஸ்.

டேங்க்கை காலி பண்ணிட்டு இறக்குங்க, 20 கேலன் டீசல்னா 60 கிலோவுக்கு மேல, ஜாக்ல ஆடும். டேங்க் மேல மாட்டியிருக்குற, டீசல் எடுக்குற மாட்யூலோட மூடியை சுத்தி காஞ்ச சேறு அப்பியிருக்கும், லாக் ரிங்கை கழட்டுறதுக்கு முன்னாடியே அதை பிரஷ் வச்சு தேய்ச்சு காத்தடிச்சு ஊதிடுங்க, அங்க விட்டா நேரா டேங்க்குக்குள்ளதான் விழும். மாட்யூலை வெளிய எடுத்து வச்சுத்தான் ஸ்ட்ராவுக்கு ஓட்டை போடணும், டிரில் பிட்ல கிரீஸ் தடவிக்கிட்டா பிளாஸ்டிக் தூள் அதுலயே ஒட்டிக்கும்.

ஸ்ட்ராவை வெட்டுறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. நீளமா விட்டா டேங்க்கோட தரையில முட்டி அடைச்சுக்கும், குட்டையா வெட்டுனா கால் டேங்க் இருக்கும்போதே காத்தை இழுக்கும். தரைக்கு மேல கால் இன்ச் இடம் விட்டு, நுனியை சாய்வா வெட்டி பிசிறு எடுங்க. ஸ்ட்ரா மாட்யூலோட அடி பக்கெட்டுக்குள்ளயே இறங்குனா ரொம்ப நல்லது, வளைவுல டீசல் ஒரு பக்கம் ஒதுங்குனாலும் அங்க கொஞ்சம் நிக்கும். மிச்ச டீசல் டேங்க்குக்கு திரும்பி வர்ற ரிட்டர்ன் குழாயை மட்டும் ஸ்ட்ரா பக்கத்துல விடாதீங்க, அது நுரையோட திரும்பி வரும், அந்த நுரையையே திரும்ப உறிஞ்சும்.

வயரிங்ல ஒண்ணு கட்டாயம் கவனிங்க, இந்த வண்டில லிஃப்ட் பம்புக்கு கரண்ட் இன்ஜின் கம்ப்யூட்டர்லருந்தே வருது, பெரிய பம்பை நேரா அதுல கொடுத்தா கம்ப்யூட்டர் போயிடும், பழைய பிளக்கை ரிலேக்கு சிக்னலா மட்டும் கொடுத்து மெயின் கரண்டை பேட்டரிலருந்து ஃபியூஸ் போட்டு எடுங்க.

எல்லாம் மாட்டினதும் சாவியை ஸ்டார்ட்டுக்கு ஒரு தட்டு தட்டி விடுங்க, இன்ஜின் ஓடாமலே பம்ப் 25 வினாடி கிட்ட ஓடும், நாலஞ்சு தடவை செஞ்சா லைன் நிறைஞ்சுடும். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவுல ஜாயின்ட் லூசா இருந்தா ஓடும்போது சொட்டவே சொட்டாது, காத்தைத்தான் உள்ள இழுக்கும், அதனால ஒழுகலையேன்னு நம்பிடாதீங்க, அந்த இடத்துல கொஞ்சம் கிளியர் ஹோஸ் தற்காலிகமா போட்டு குமிழ் ஓடுதான்னு கண்ணால பாருங்க. அப்புறம் கால் டேங்க்ல டிரெய்லரை மாட்டி ஒரு மேட்டுல ஏத்துங்க, கேஜ் முள் துடிச்சுதுன்னா ஸ்ட்ராவை மறுபடி வெளிய எடுத்து அளந்துடுங்க.