அக்கிக்கு மூலிகை: எங்கே தவறுகிறோம்?

உதட்டோரம் வரும் ஹெர்ப்பிஸ் கொப்புளத்தையும், சின்னம்மை வைரஸ் பல்லாண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைதூக்கி உடலின் ஒரு பக்கத்தில் பட்டையாக உண்டாக்கும் அக்கியையும் ஒரே நோயாகக் கருதுவது தவறு. இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள்தாம். ஆயினும் ஒன்றுக்குக் கேட்ட மூலிகை மற்றதற்கும் கேட்கும் என்று கொள்ள இடமில்லை.

இதைவிடப் பெரிய தவறு, ஆய்வக முடிவைச் சிகிச்சை முடிவாகப் படிப்பது. அதிமதுரத்திலுள்ள கிளைசிரைசிக் அமிலம் ஹெர்ப்பிஸ் வைரஸைச் செயலிழக்கச் செய்வதாக 1979-இல் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரை ஒன்று காட்டியது. ஆனால் அது வளர்ப்புச் செல்களில் கண்ட முடிவு. செல்களையே கொல்லும் அளவுக்குச் சாற்றை ஊற்றினால் வைரஸ் பெருகாததில் வியப்பில்லை. ஆகவே, வைரஸைப் பாதியாகக் குறைக்கும் செறிவுக்கும் செல்களில் பாதியைக் கொல்லும் செறிவுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையே முதலில் பார்க்க வேண்டும். மேலும், வேப்பம்பட்டைச் சாறு போன்ற பல சாறுகள் வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுப்பவை. நரம்பு முடிச்சில் ஏற்கெனவே உறங்கிக்கிடக்கும் வைரஸை அவை எட்டுவதில்லை. வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரும் அதை அங்கிருந்து அகற்றுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அம்மருந்தை முதலில் தூண்டுவது வைரஸின் சொந்த நொதியே என்பதால், தொற்றில்லாத செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

உதட்டுப் புண் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தானாகவே ஆறிவிடும். எட்டாம் நாள் தடவிய பச்சிலைக்கு அந்தப் புகழ் போய்ச் சேர்வது நம் ஊரில் புதிதன்று.

இயற்கைப் பொருளாயிற்றே என்று அதிமதுரத்தை நாள்கணக்கில் அளவின்றி உண்பதும் ஆபத்து. இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும்.

அக்கியில் காலமே முக்கியம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவது நல்லது. குயவரிடம் காவியால் அக்கி எழுதிக்கொள்பவர்களை நான் குறைகூறவில்லை. அந்த மூன்று நாட்களை அதிலேயே கழித்துவிடுவதுதான் தவறு. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் கண்டால் கண்ணும் பாதிக்கப்படக்கூடும். அப்போது நந்தியாவட்டைச் சாறு உட்பட எதையும் கண்ணில் விடாமல், அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.