மைன்கிராஃப்ட் திக்காமல் ஓட: சாதாரண லேப்டாப்புக்கு ஒரு செய்முறை

என் தங்கை மகனிடம் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தாலே படம் நின்று நின்று நகரும். வேறு லேப்டாப் வாங்கினால்தான் சரியாகும் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். காசு செலவில்லாமலே நிம்மதியாக விளையாடும் நிலைக்கு வந்துவிட்டது. அன்று செய்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

இது ஜாவா எடிஷனுக்கு மட்டும். போனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஓடும் பெட்ராக் எடிஷனில் இங்கே சொல்லும் மாட்கள் (விளையாட்டோடு சேர்த்துப் போடும் கூடுதல் நிரல்கள்) வேலை செய்யாது.

முதல் வேலை: அளவெடுப்பது

எதையும் மாற்றும் முன் இப்போது எவ்வளவு ஓடுகிறது என்று தெரிய வேண்டும். வீடியோ செட்டிங்ஸில், படத்தைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்கை அணைத்துவிட்டு, மேக்ஸ் ஃபிரேம்ரேட்டை அன்லிமிடெட் ஆக்குங்கள். அப்புறம் உலகத்துக்குள் போய் எஃப்3 பொத்தானை அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

திரை முழுக்க எழுத்துகள் கொட்டும். பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது மூன்றே இடங்கள். இடப்பக்கம் மேலே எஃப்பிஎஸ் எண், அதாவது நொடிக்கு எத்தனை படம் வரைகிறது என்ற கணக்கு. அதற்குச் சற்றுக் கீழே 'இன்டக்ரேட்டட் சர்வர்' என்று தொடங்கும் வரியில் மில்லி செகண்ட் கணக்கு. வலப்பக்கம் நினைவகத்தின் அளவும் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரும்.

இந்த மில்லி செகண்ட் எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. விளையாட்டு தன் உலகத்தை நொடிக்கு 20 முறை புதுப்பிக்கிறது, அதாவது ஒரு முறைக்கு 50 மில்லி செகண்ட்தான் அவகாசம். அந்த எண் 50-ஐத் தாண்டினால் சிக்கல் படம் வரைவதில் இல்லை, உலகத்தைக் கணக்கிடுவதில் இருக்கிறது. கதவு தாமதமாகத் திறப்பதும், உடைத்த கல் மறுபடி முளைப்பதும் அதனால்தான். எண் 50-க்குள் இருந்தும் படம் திக்கினால் வரைகிற பக்கத்தில் கோளாறு.

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து அளவெடுங்கள். நாங்கள் கிராமத்து மணிக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தைச் சேர்த்து மாற்றிவிட்டால் எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது.

சரியான சிப்பில்தான் ஓடுகிறதா?

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் எஃப்3 திரையின் வலப்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கார்டு சும்மா இருக்க, விளையாட்டு இன்டெல் சிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியிருந்தால் விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய், மைன்கிராஃப்ட் பயன்படுத்தும் ஜாவா நிரலுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு விளையாடுங்கள். பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

சோடியம்

செட்டிங்ஸில் கை வைக்கும் முன்பே இந்த மாட்டைப் போடச் சொல்வேன். படம் வரையும் பகுதியையே இது புதிதாக எழுதி மாற்றுகிறது. படத்தின் அழகைக் குறைக்காமலே எஃப்பிஎஸ் கூடுகிறது. பழைய வழிகாட்டிகளில் ஆப்டிஃபைன் என்ற மாட்டைப் போடச் சொல்லியிருக்கும். அதையும் சோடியத்தையும் சேர்த்துப் போட முடியாது. ஒளியையும் நிழலையும் அழகாக்கும் ஷேடர் வேண்டுமென்றால் சோடியத்தோடு ஐரிஸ் மாட் இருக்கிறது.

போடும் முறை:

1. லாஞ்சரை மூடுங்கள். மாட்களை ஏற்றும் நிரலான ஃபேப்ரிக்கின் தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி, நீங்கள் விளையாடும் பதிப்பைத் தேர்ந்து இன்ஸ்டால் கொடுங்கள்.
2. லாஞ்சரைத் திறந்தால் ஃபேப்ரிக் என்ற புது புரொஃபைல் இருக்கும். அதை ஒருமுறை ஓட்டி மூடுங்கள்.
3. இன்ஸ்டாலேஷன்ஸ் பகுதியில் அந்த புரொஃபைலுக்கு எதிரே உள்ள ஃபோல்டர் படத்தை அழுத்துங்கள். திறக்கும் இடத்தில் மாட்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும்.
4. மாட்கள் கிடைக்கும் மாட்ரிந்த் தளத்தில் சோடியம், லித்தியம், ஃபெரைட்கோர், என்டிட்டி கல்லிங் ஆகிய நான்கையும் இறக்கி அந்த ஃபோல்டரில் போடுங்கள்.

அதே இடத்தில் சேவ்ஸ் என்ற ஃபோல்டரும் இருக்கும். உங்கள் உலகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எதற்கும் அதை ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

லித்தியம் உலகக் கணக்கீட்டை இலகுவாக்கும். மேலே சொன்ன 50 மில்லி செகண்ட் சிக்கல் இருந்தால் கைகொடுப்பது இதுதான். ஃபெரைட்கோர் ரேம் செலவைக் குறைக்கும். என்டிட்டி கல்லிங், சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆடு மாடுகளையும் பெட்டிகளையும் வரையாமல் விடும். இவை எதுவும் புதிதாகக் கல்லோ பொருளோ சேர்ப்பதில்லை, அதனால் பிறகு எடுத்துவிட்டாலும் உங்கள் உலகத்துக்கு ஒன்றும் ஆகாது.

விளையாட்டு திறக்காமல் ஒரு பெட்டி வந்தால் மூடிவிடாதீர்கள், படியுங்கள். எந்த மாட் எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். 1.20.1-க்கான சோடியத்தை 1.21-இல் போட்டிருப்பீர்கள், அல்லது ஒரே மாட்டின் இரண்டு கோப்புகள் கிடக்கும். ஃபேப்ரிக் ஏபிஐ (பல மாட்களுக்குத் துணையாக வேண்டிய மாட்) வேண்டும் என்று கேட்டால் அதையும் இறக்கி அதே ஃபோல்டரில் போடுங்கள்.

தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் மாட் இறக்காதீர்கள். 2023 ஜூனில் ஃபிராக்சரைசர் என்ற தீநிரல் மாட்களுக்குள் புகுந்தே பரவியது. மாட்ரிந்தில் மாட் எழுதியவரின் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

ரெண்டர் டிஸ்டன்ஸ்

எவ்வளவு தூரம் வரை உலகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் ரெண்டர் டிஸ்டன்ஸ். செட்டிங்ஸில் இதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை. உலகம் 16-க்கு 16 கட்டம் கொண்ட சங்க்குகளாகப் பிரிந்திருக்கிறது. ரெண்டர் டிஸ்டன்ஸ் 8 என்றால் உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் 8 சங்க், நடுவில் ஒன்று. ஆக 17-க்கு 17, மொத்தம் 289. அதை 16 ஆக்கினால் 33-க்கு 33, அதாவது 1089. தூரம் இரண்டு மடங்கானால் சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு. போதாததற்கு, 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து உலகத்தின் உயரமும் 256-இலிருந்து 384 கட்டமாகிவிட்டது. பழைய பதிப்பு நன்றாக ஓடிய கணினி புதியதில் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்களுக்கு 8 போதுமாக இருந்தது. சிமுலேஷன் டிஸ்டன்ஸை 5-க்கு இறக்கினோம். பயிர் வளர்வதும் விலங்குகள் நடமாடுவதும் அந்தத் தூரத்துக்குள் மட்டும் நடக்கும், அதனால் பண்ணை வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிட வேண்டாம்.

மற்றவை சின்னச் சின்னது. மேகத்தை அணைக்கலாம், புகை, பொறி போன்ற பார்ட்டிக்கிளைக் குறைக்கலாம், விலங்குகளின் காலடியில் விழும் என்டிட்டி நிழலை எடுக்கலாம். வெளிச்சத்தை மென்மையாகக் கலக்கும் ஸ்மூத் லைட்டிங்கை மட்டும் நான் அணைக்கமாட்டேன். அது இல்லாவிட்டால் குகைகள் பார்க்கவே சகிக்காது, கிடைக்கும் லாபமும் கொஞ்சம்தான்.

ஒரு சோதனை சொல்கிறேன். விளையாட்டு ஜன்னலைக் கால்வாசி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறினால் கிராஃபிக்ஸ் சிப்தான் திணறுகிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் பலன் உண்டு. எண் அப்படியே இருந்தால் பிராசசர்தான் திணறுகிறது, ரெசல்யூஷனை என்ன செய்தாலும் பயனில்லை.

ரேமை அள்ளிக் கொடுக்காதீர்கள்

தங்கை மகன் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு 8 ஜிபியில் 6-ஐ மைன்கிராஃப்டுக்கே கொடுத்து வைத்திருந்தான். திக்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான். தனி கார்டு இல்லாத கணினியில் கிராஃபிக்ஸ் சிப்பும் அதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது, விண்டோஸுக்கும் பங்கு வேண்டும். மீதமில்லாதபோது கணினி டிஸ்க்கில் எழுதத் தொடங்குகிறது, படம் உறைகிறது. இன்ஸ்டாலேஷன்ஸ், எடிட், மோர் ஆப்ஷன்ஸ் என்று போனால் ஜேவிஎம் ஆர்குமெண்ட்ஸ் என்ற வரியில் எக்ஸ்எம்எக்ஸ் (Xmx) எழுத்துகளுக்குப் பின்னால் எத்தனை ஜிபி ரேம் என்று ஒரு எண் இருக்கும். அதை 3 ஆக்கினோம். நான்கைந்து மாட்களுக்கு இது தாராளம். 16 ஜிபி இருந்தால் 4 வைக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் ஃபிரேம்ரேட்டை 60-இல் கட்டிப்போடுங்கள். அன்லிமிடெட் அளவெடுக்க மட்டும்தான். அப்படியே விட்டால் லேப்டாப் சூடேறி, அரைமணி நேரத்தில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

புதுப் பதிப்பு வந்த அன்றே மாறிவிடாதீர்கள். சோடியம் அந்தப் பதிப்புக்கு வந்துவிட்டதா என்று மாட்ரிந்தில் பாருங்கள். வந்ததும் மாட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் பழைய கோப்புகளை எடுத்துவிட்டு, புதியவற்றைப் போட்டுக்கொள்ளலாம்.