பழைய விறகு ஸ்டவ் வாங்குமுன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பாருங்கள்

குளிர் நாட்டில் முதல் பனிக்காலத்து ஹீட்டிங் பில் வந்ததும் பலருக்கு விறகு ஸ்டவ் ஆசை வரும். யாரோ கழற்றி வைத்த பழைய ஸ்டவ் மலிவாகக் கிடைத்தால் வாங்கத் தோன்றும். வாங்கலாம், தப்பில்லை. கனத்த இரும்பில் செய்த ஸ்டவ் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டு உழைக்கும். “விறகடுப்பு நமக்குத் தெரியாததா” என்ற நினைப்புதான் ஆபத்து. நமக்குத் தெரிந்த அடுப்பு செங்கல் சுவரை ஒட்டி இருந்தது. இங்கே பல வீடுகளில் சுவரைத் தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி கேட்கும். அது ஜிப்சம் பலகை. அதன் பின்னால் வரிசையாக மரச்சட்டம்.

அனுமதி வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். உள்ளூராட்சியில் பெர்மிட் வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கு ஸ்டவ் வாங்குவதற்கு முன்பே சொல்லுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். கனடாவில் இன்சூரன்ஸ்காரர்கள் பெரும்பாலும் ‘வெட்’ (WETT) என்ற விறகு ஸ்டவ் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். ஜெர்மனியில் மாவட்டப் புகைபோக்கி அதிகாரி பார்த்துச் சரி சொன்ன பிறகே பற்றவைக்கலாம். நார்வேயில் 1998-க்குப் பிறகு புதிதாகப் பொருத்துவது பொதுவாகக் குறைந்த புகை விடும் வகையாக இருக்க வேண்டும். அங்கே அதற்கு முந்தைய மாடலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டவ்வைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் ஒரு தாளும் கொண்டு போங்கள். முதலில் பின்பக்கம் உலோகத் தகடு இருக்கிறதா என்று தேடுங்கள். எந்தச் சோதனையில் தேறியது, சுவரிலிருந்து எவ்வளவு தூரம் வைக்க வேண்டும், தரைக்கு என்ன பாதுகாப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். தகடு இல்லாத ஸ்டவ் எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி விலைகூடப் பெறாது. பிறகு உள்ளே டார்ச்சை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி, வெளியிலிருந்து பாருங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வெளிச்சக் கோடு தெரியும். எஃகுத் தகடு வளைந்திருந்தால் யாரோ அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள், விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தீச்செங்கல் உடைந்திருப்பது பெரிய விஷயமில்லை, மாற்றிவிடலாம். கதவின் இடுக்கில் தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சுற்றியுள்ள கயிற்று கேஸ்கட் செத்துவிட்டது. மிகப் பழைய ஸ்டவ்களில் அந்தக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்த கயிற்றைச் சுரண்டித் தூசி கிளப்பாதீர்கள். கண்ணாடி உடைந்திருந்தால் அதற்கென உள்ள செராமிக் கண்ணாடிதான் போட வேண்டும். ஜன்னல் கண்ணாடியோ டெம்பர்டு கண்ணாடியோ அந்தச் சூட்டைத் தாங்காது.

இனி சுவர். அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஸ்டவ்வின் பின்பக்கத் தகடு இருந்தால் அதிலுள்ள தூரமே சட்டம். தகடு இல்லாத ஸ்டவ்வுக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 (NFPA 211) விதி சொல்வது எரியக்கூடிய எதிலிருந்தும் 36 அங்குலம், அதாவது 91 செ.மீ. ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாய்க்கு 18 அங்குலம். சின்ன ஹாலில் 36 அங்குலம் விட்டால் ஸ்டவ் நடு அறைக்கு வந்துவிடும். உடனே எல்லோருக்கும் வரும் யோசனை, சுவரில் டைலோ கல் பட்டையோ ஒட்டிவிட்டு ஸ்டவ்வைக் கிட்டே தள்ளுவது. பார்க்கச் செங்கல் சுவர் மாதிரியே இருக்கும். அது பாதுகாப்பே இல்லை. கல் எரியாது என்பது உண்மைதான், ஆனால் கல் சூட்டைத் தடுக்காது. வாங்கிய சூட்டை அப்படியே ஜிப்சம் பலகைக்கும் அதன் வழியாக மரச்சட்டத்துக்கும் கடத்திவிடும்.

“இரண்டு குளிர்காலம் எரித்தோம், ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். அந்த இரண்டு குளிர்காலமும் மரத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தன. சாதாரண மரம் 250 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் பற்றும். ஆனால் 100 டிகிரி அளவுச் சூட்டில் மாதக்கணக்காக, வருடக்கணக்காக வாடிய மரம் உள்ளுக்குள் மெல்லக் கரியாகும். அப்புறம் பற்றிக்கொள்ள அவ்வளவு சூடு வேண்டியதில்லை. மூன்றாவது வருடம் ஓர் இரவு, என்றைக்கும் போல எரித்துக்கொண்டிருக்கும்போதே சுவருக்குள் தீப் பிடிக்கலாம். வெளியே டைல் அழகாகவே இருக்கும்.

சுவரைக் காப்பது காற்று இடைவெளி. 24 கேஜ் (கேஜ் என்பது தகட்டின் கன அளவு) இரும்புத் தகட்டைச் சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். தகட்டின் அடியிலும் உச்சியிலும் 1 அங்குலம் திறந்திருக்கட்டும். கீழே குளிர்காற்று நுழைந்து, சூடாகி மேலே வெளியேறும், அந்த ஓட்டம்தான் சூட்டைக் கொண்டுபோகிறது. அடியைத் தரையோடு சேர்த்து மூடிவிட்டால் தகடு வெறும் அலங்காரம். இடையில் வைக்கும் தாங்கி எரியாத பொருளாக இருக்க வேண்டும், மரக்கட்டை கூடாது. ஸ்டவ்வுக்கும் குழாய்க்கும் நேர் பின்னால் தாங்கியோ திருகாணியோ வரக் கூடாது, அது வழியாகவே சூடு சுவருக்குள் இறங்கும். இப்படிச் செய்தால் அதே விதி 36 அங்குலத்தை 12 ஆகக் குறைக்க அனுமதிக்கிறது. அளப்பது ஸ்டவ்விலிருந்து பின்னாலுள்ள எரியக்கூடிய சுவர் வரை, நடுவில் நிறுத்திய இரும்புத் தகடு வரை அல்ல. பின்பக்கத்தில் சோதனைத் தகடு உள்ள ஸ்டவ் என்றால், தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டுமே குறைக்கலாம்.

தரைக்கும் எரியாத பலகை வேண்டும். அளவு ஸ்டவ்வின் சோதனைத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும். கதவுள்ள பக்கம் 18 அங்குலம் வெளியே நீட்டியிருப்பது நல்லது, கங்கு தெறிப்பது அங்கேதான்.

புகைக்குழாய்க்கு 24 கேஜ் கறுப்பு எஃகு வாங்குங்கள். காற்றோட்டத்துக்குப் போடும் துத்தநாகம் பூசிய குழாய் வேண்டாம், சூட்டில் அந்தப் பூச்சு விஷப் புகை விடும். குழாயின் விட்டம் ஸ்டவ்வின் வாயைவிடக் குறையக் கூடாது. குழாயின் நெளித்து ஒடுக்கிய முனை கீழே, ஸ்டவ்வைப் பார்த்து இருக்க வேண்டும். புகை மேலே போகிறதே என்று தலைகீழாகப் பூட்டுவது வழக்கமான தவறு. புகைபோக்கியின் இழுப்பு சரியாக இருந்தால் இணைப்பு வழியாகப் புகை கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கசிவது கிரியோசோட் என்ற கறுப்புக் குழம்பு, அது குழாயின் உட்புறமாகவே இறங்கி ஸ்டவ்வுக்குள் விழுந்து எரிய வேண்டும். இணைப்புக்கு 3 திருகாணி. படுக்கையாகப் போகும் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறட்டும். 90 டிகிரி வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம்.

இந்த ஒற்றைக் குழாயைக் கூரைக்குள்ளோ, மேல்மாடித் தளத்தின் ஊடாகவோ, அலமாரிக்குள்ளோ கொண்டுபோகக் கூடாது. அங்கிருந்து மேலே, தொழிற்சாலையிலேயே காப்புறையோடு செய்து வரும் புகைபோக்கிதான். அமெரிக்காவில் யுஎல் 103 எச்டி (UL 103 HT) என்ற பாதுகாப்புச் சோதனைக் குறி உள்ளதைப் பாருங்கள். அதைச் சுற்றி மரத்திலிருந்து 2 அங்குல இடைவெளி கேட்பார்கள். குளிர் வருகிறதே என்று அந்த இடைவெளியில் பஞ்சு அடைத்துவிடாதீர்கள், காலியாக இருப்பதுதான் அதன் வேலை. உச்சி கூரையைத் துளைத்த இடத்திலிருந்து 3 அடியாவது உயரவும், 10 அடிச் சுற்றில் உள்ள எதையும்விட 2 அடி உயரவும் வேண்டும். பழைய செங்கல் புகைபோக்கியில் இணைப்பதானால் முதலில் ஆள் விட்டுச் சுத்தம் செய்து உட்பூச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் எஃகு உட்குழாய் இறக்க வேண்டிவரும். வேறு கருவியின் புகை போகும் அதே வழியில் ஸ்டவ்வைச் சேர்க்காதீர்கள்.

முதல் மூன்று தடவை சின்னத் தீதான். பெயின்டும் சிமென்டும் இறுகும்போது நாற்றமும் புகையும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதற்கு முன்பே புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் மாட்டியிருக்க வேண்டும். மோனாக்சைடுக்கு மணமே இல்லை. சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் விட்டால் இறுக்கமாக மூடிய வீட்டில் அது புகைபோக்கி வழியாகவே காற்றை உறிஞ்சி, புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். மீன் பொரிக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரமானியால் வெளிப்புறத்தில் குத்திப் பார்த்துப் பயனில்லை, கட்டையைப் பிளந்து புதிய முகத்தில் குத்துங்கள். ஈர விறகும், இரவு முழுக்கக் காற்றை அடைத்துப் புகையவிடுவதும்தான் கிரியோசோட்டை வளர்ப்பவை. உள்ளே 3 மி.மீ. படிந்துவிட்டால் சுத்தம் செய்யாமல் பற்றவைக்காதீர்கள். புகைபோக்கிக்குள் ரயில் போவது போல இரைச்சல் கேட்டால் உள்ளே தீப்பிடித்திருக்கிறது. கதவையும் காற்றுவழியையும் மூடி, எல்லோரையும் வெளியேற்றி, தீயணைப்புக்கு அழையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே கான்கிரீட் தரையில் வையுங்கள். மரத் தாழ்வாரத்தில் வேண்டாம், பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியிலும் வேண்டாம். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும்.